விண்கலத்துக்கு மேனி வந்த கதை

1977 மே மாதம் திரைக்கு வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கத்தில் சின்னக் கலம் ஒன்று தப்பி ஓடுகிறது. அதைத் துரத்தும் போர்க்கலம் திரையின் மேல்விளிம்பிலிருந்து நுழைகிறது, நுழைந்துகொண்டே இருக்கிறது. அடிவயிறு நகர்ந்துகொண்டேயிருக்க, வால் வந்தபாடில்லை. கதைப்படி அந்தக் கலத்தின் நீளம் 1,600 மீட்டர். கேமராவுக்கு முன்னால் இருந்ததோ மூன்றடி மாதிரி, ஏறக்குறைய 91 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் சுமார் 1,750-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஆறடி ஆள் ஒருவர் ஒரு மில்லிமீட்டர் உயரம்தான் இருப்பார்.

அந்தக் காட்சிக்கு இன்னும் பெரிய மாதிரி தேவைப்படும் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். ஒளிப்பதிவைக் கவனித்த ரிச்சர்ட் எட்லண்ட், கையிலிருந்த மூன்றடியையே வைத்து ஒரு சோதனைக் காட்சி எடுத்துக் காட்டினார். பார்த்ததும் பெரிய மாதிரிப் பேச்சு அடங்கிவிட்டது. மூன்றடியைப் போதுமானதாக்கியது அதன் மேலெல்லாம் ஒட்டியிருந்த பொடிப்பொடிச் சில்லுகள்: குழாய், மூடி, பெட்டி, வரம்பு, துளை. பட்டறையில் அவற்றைக் 'கிரீப்ளி' என்று செல்லமாக அழைத்தார்கள். மாதிரி செய்கிற நாங்களும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டுதான் கத்தியையும் பசையையும் எடுக்கிறோம்.

இந்தச் சில்லுகளை அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல, அவைதான் அளவுகோல். தரையில் ஒரு பொருளின் பருமனைக் கண் மதிப்பிடுவதற்கு மரம், வீடு, ஆள், தொலைவின் மங்கல் எல்லாம் துணைக்கு இருக்கின்றன. விண்வெளியில் எதுவும் இல்லை. கருப்பு, நட்சத்திரம், கலம், அவ்வளவுதான். எனவே கலத்தின் மேல் தெரிகிற மிகச் சிறிய பொருள் எதுவோ அதைக் கண் பிடித்துக்கொள்கிறது. இது ஒரு ஜன்னல், இது ஒரு கதவு என்று தானே முடிவுசெய்து, அதைக் கொண்டு முழுக் கலத்தையும் அளக்கிறது. மேனி வழுவழுப்பாக இருந்தால் மூன்றடிப் பலகை மூன்றடிப் பலகையாகவே தெரியும். நம் ஸ்தபதிகளுக்கு இந்தச் சூட்சுமம் அத்துபடி. கோயில் விமானத்தின் ஒவ்வொரு தளத்திலும் கூடம், சாலை என்ற சிற்றுருக் கோயில்களை வரிசையாக அமைத்து, மேலே போகப்போக அவற்றைச் சிறுக்கவைத்து, இருக்கிற உயரத்தைவிட அதிக உயரத்தைக் கண்ணுக்குத் தந்தார்கள்.

திரைப்பட விண்கலங்களுக்கு இந்த மேனி வெகுகாலம் கிடையாது. 1950-இல் வந்த 'டெஸ்டினேஷன் மூன்' படத்தின் ராக்கெட் வெள்ளிச் சுருட்டு மாதிரி பளபளவென்று இருக்கும். அப்போது எதிர்காலம் என்றாலே மழமழவென்ற உலோகம்தான்.

மாற்றம் தொடங்கிய இடங்களில் முக்கியமானது இங்கிலாந்தின் ஸ்லௌ நகரத்துத் தொழிற்பேட்டை. அங்கேதான் ஜெர்ரி ஆண்டர்சனின் குழு 1965-இல் ஒளிபரப்பான 'தண்டர்பேர்ட்ஸ்' தொடரை எடுத்தது. சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பாளர் டெரெக் மெடிங்ஸ். வாரந்தோறும் புதுப்புது வாகனங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் அச்சு அசலாகச் செதுக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிட்டுகளைப் பிரித்து, விமானச் சக்கரத்தையும் கப்பல் துண்டையும் எடுத்து ஒட்டினார்கள். அதன் மேல் கரியும் அழுக்கும் பூசினார்கள். 'தண்டர்பேர்ட் 1' கலத்தின் ஏவுதளச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் எலுமிச்சை பிழிவான் ஒட்டப்பட்டிருக்கிறது. தெரிந்தவர்கள் இன்றும் அதைத் தேடிப் பார்த்து மகிழ்கிறார்கள். தெரியாதவர்களுக்கு அது ஏதோ ஒரு இயந்திரப் பாகம்.

அந்தப் பட்டறையிலிருந்த பிரையன் ஜான்சன் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்குப் போனார். 1968-இல் வெளிவந்த அந்தப் படத்தில் இந்தக் கைவேலை முதிர்ந்தது. டிஸ்கவரி கலத்தின் பெரிய மாதிரி 54 அடி நீளம். அதன் மேனியில் தகடு தகடாகப் பிரிவுகள். தகடுகளின் மேல் கிட்டுகளிலிருந்து எடுத்த நுண்பாகங்கள். அதே படத்தில் பணியாற்றிய டக்ளஸ் டிரம்புல் 1972-இல் 'சைலன்ட் ரன்னிங்' படத்தை இயக்கியபோது ஜான் டைக்ஸ்ட்ரா அவரிடம் வேலை கற்றார். ஜான்சன் 1975-இல் 'ஸ்பேஸ்: 1999' தொடருக்காக ஈகிள் என்ற கலத்தைப் படைத்தார். ஒரு கை அடுத்த கைக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ந்த வித்தை இது. ஒருவர் பெயரில் எழுதிவைக்க முடியாது.

1975-இல் கலிபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில், ஒரு வெறும் கிடங்கில், ஜார்ஜ் லூகாஸின் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் தொடங்கியது. தலைமை டைக்ஸ்ட்ரா. மாதிரிப் பட்டறையை கிராண்ட் மெக்கியூன் நடத்தினார். லார்ன் பீட்டர்சன், ஸ்டீவ் காலி போன்றவர்கள் அங்கே உழைத்தார்கள். ஜெர்மன் டாங்கி, பீரங்கி வண்டி, போர்க்கப்பல், பந்தயக் கார் என்று கிட்டுகளை அள்ளி வாங்கிவந்து, சட்டங்களிலிருந்து பாகங்களை நறுக்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ரயில் தண்டவாளத்தில் ஓட்டிய லியோபோல்ட் பீரங்கியை ஜப்பானின் ஹசெகாவா நிறுவனம் 1/72 அளவில் கிட்டாக விற்றது. அதன் பாகங்கள் அந்தப் பட்டறைக்கு மிகவும் பிடித்தவை. மில்லெனியம் ஃபால்கன் கலத்துக்கு முதலில் வேறு வடிவம் இருந்தது. அது ஈகிளைப் போலவே இருக்கிறதே என்ற கவலையில் அந்த வடிவத்தை வேறு கலத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஜோ ஜான்ஸ்டன் வட்டத்தட்டாக ஒன்றை வரைந்தார். ஐந்தடிக்குச் செய்த அந்த ஃபால்கனை ஓர் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே போனால், கண் ஓய்வெடுக்கத் தெரிந்தே விட்ட வெற்றிடங்களும், திடீரென்று குழாய்கள் குவியும் பள்ளங்களும் மாறிமாறி வருவது புரியும். எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக ஒட்டினால் அது வெறும் சொரசொரப்பாகிவிடும். இந்தத் தொழிலில் கற்கக் கடினமானது எது என்று கேட்டால் எங்கே ஒட்டக்கூடாது என்பதைத்தான் சொல்வேன்.

இவ்வளவு பெரிய படத்துக்கு ஏன் டாங்கித் துண்டு? சிக்கனமும் அவசரமும் ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கற்பனையில் ஓர் இயந்திரப் பாகம் செய்யச் சொன்னால் கை தன்னையறியாமல் ஒரு பெட்டி, ஒரு உருளை, நான்கு திருகாணி என்று நின்றுவிடும். டாங்கியின் தொங்கமைப்புக் கரம் அப்படியல்ல. அதன் வளைவும் விலாவும் தடிப்பும் மெலிவும் யாரோ ஒரு பொறியாளர் எடையையும் அதிர்ச்சியையும் கணக்கிட்டுத் தந்தவை. அதை நாற்பது மடங்கு குறுக்கினாலும், தலைகீழாக ஒட்டினாலும், விண்கலத்தின் முதுகில் வைத்தாலும் அந்தக் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. இது எதற்கோ இருக்கிறது என்று பார்ப்பவர் நம்புகிறார். எதற்கு என்று தெரியவேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொள்ள பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இருப்பவர்கள் கலிபோர்னியா போகவேண்டாம். கேனன் சதுக்கத்தில் உள்ள கூ கொங்சியின் கூரையை அண்ணாந்து பார்த்தால் போதும். 1901-இல் தீயில் போன அந்தக் குலமன்றத்தைத் திரும்ப எழுப்பி 1906-இல் முடித்தார்கள். கூரை முகட்டில் நெளியும் டிராகன்களும் பறவைகளும் பூக்களும் பீங்கான் கிண்ணத் துண்டுகளால் ஆனவை. தென் சீனத்தின் ஃபூஜியன், சாவ்சோவ் பகுதிக் கைவினைஞர்களின் 'ஜியென் நியென்' வேலை அது. வண்ணக் கிண்ணங்களை இடுக்கியால் நறுக்கி, சுண்ணக்காரையில் பதிக்கிறார்கள். கிண்ணத்தின் விளிம்புத் துண்டு இறகாகிறது, வயிற்றுத் துண்டு செதிலாகிறது, அடித்துண்டு இதழாகிறது. குயவரின் சக்கரம் தந்த வளைவு அந்தச் சில்லில் ஏற்கெனவே இருக்கிறது. கைவினைஞர் செய்வது எந்த வளைவு எந்த உடம்புக்கு என்று தேர்ந்தெடுப்பது. தட்டையான ஓட்டை அரத்தால் ராவி அந்த இறகைச் செய்தால் அவ்வளவு உயிர் இருக்காது. வான் நைஸ் கிடங்கில் நடந்ததும் இதே தேர்வுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திரைக்காகப் பிறந்த இந்த வேலை வீட்டு மேசைக்கு வந்ததில் ஜப்பானுக்குப் பெரும் பங்கு உண்டு. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 'குண்டம்' என்ற ரோபோவின் முதல் கிட்டை 1/144 அளவில் 300 யென்னுக்கு விற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1982-இல், 'ஹாபி ஜப்பான்' இதழில் ஓவியரும் சிற்பியுமான கோ யோகோயாமா 'எஸ்எஃப்3டி' என்ற தொடரைத் தொடங்கினார். 29-ஆம் நூற்றாண்டுப் போர் ஒன்றில் வீரர்கள் அணியும் கவச உடைகளும் ஊர்திகளும் அதில் வந்தன. டாங்கி, விமானக் கிட்டுகளின் பாகங்களையும் எப்பாக்ஸி புட்டியையும் கொண்டு அவற்றைக் கையால் செய்து, படமெடுத்து, கதையோடு வெளியிட்டார்கள். நிட்டோ நிறுவனம் அவற்றை 1/20 கிட்டுகளாக்கியது. பிற்பாடு தொடர் 'மாஷினென் க்ரீகர்' என்று பெயர் மாறியது. இப்போது ஹசெகாவா புதிய கிட்டுகளை வார்க்கிறது.

யோகோயாமாவின் கவச உடை இந்தக் கலையின் திசையை மாற்றியது. 1,600 மீட்டர்க் கலத்தில் ஒரு சில்லு என்னவென்று யாரும் கேட்கமாட்டார்கள். 1/20-இல் ஆள் எட்டரை சென்டிமீட்டர் உயரம். கைப்பிடி என்றால் பிடிக்க முடியவேண்டும், குழாய் என்றால் எங்கிருந்தோ கிளம்பி எங்கோ சேரவேண்டும். இங்கே ஒட்டுவது குறைந்து, தானே செய்வது கூடியது. ஸ்டைரீன் தகட்டைக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்த் தடிப்பில் வாங்கி வெட்டுகிறோம். கிட்டின் மிச்சச் சட்டத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் தலைமயிர் அளவு இழை கிடைக்கும். அதை இரண்டு தகடுகளின் இணைப்பில் வைத்து, பசையைத் தொட்டு இளக்கி, கத்தி நுனியால் வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் வெல்டிங் தழும்பு பிறக்கிறது. அறுகோணக் கம்பியைச் சீவினால் போல்ட்டுத் தலை. நல்ல பசை என்பது ஒட்டுவதே இல்லை. ஸ்டைரீனைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால்தான் உலோகத்துக்கு அது உதவாது, சூப்பர் குளூ வேண்டும்.

உலோகம் என்றதும் பினாங்கு நினைவுக்கு வராமல் இருக்காது. லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்த 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழிற்பேட்டை எழுந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கேதான் அமைத்தது. அன்றிலிருந்து சோல்டர் கம்பியும் செப்பு இழையும் இந்தத் தீவில் சர்வசாதாரணம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அக்காவோ மாமாவோ யாராவது ஒருவர் பேக்டரியில் சர்க்கியூட் போர்டைக் கையாண்டிருப்பார்கள். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய ரேடியோ, கேமரா, கைக்கடிகாரம் எல்லாம் தரையில் விரித்துக் கிடக்கும். பாடுகிறதா, ஓடுகிறதா என்று மற்றவர்கள் சோதிப்பார்கள். மாதிரி செய்கிறவர் அதைத் திருப்பிப் பின்மூடியைப் பார்ப்பார்.

உள்ளே கிடைக்கும் ரெசிஸ்டரின் கால் நேரான கைப்பிடியாகும். எனாமல் பூசிய மெல்லிய செப்பு இழை மின்வடமாகும். ஈயம் கலந்த சோல்டர் கம்பிதான் எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது: வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், திமிறாது. அது பல பருமன்களில் கிடைக்கிறது. 1/20 அளவில் 0.5 மி.மீ. கம்பி 10 மி.மீ. குழாய்க்குச் சமம், 0.8 என்றால் 16, 1.0 என்றால் 20. ஹைட்ராலிக் குழாய்க்குப் பொருத்தமான பருமன்கள். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்ததிலிருந்து ஆலைகள் பெரும்பாலும் ஈயமில்லாத சோல்டருக்கு மாறின. அது விறைப்பு அதிகம், கூர்வளைவுக்கு ஒத்துவராது. ஈயக்கம்பியைப் பயன்படுத்துகிறவர்கள் அதை ராவித் தூசியாக்கக்கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

எல்லாம் ஒட்டி முடித்த நிலையில் மாதிரி பார்க்கச் சகிக்காது. வெள்ளைத் தகடு, செம்புநிற இழை, ஈயப் பளபளப்பு, பச்சைப் புட்டி என்று ஒவ்வொன்றும் தன் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதன் மேல் சாம்பல் நிற பிரைமர் ஒரு பூச்சு விழுந்ததும் அத்தனையும் ஒரே உடம்பாகிவிடுகிறது. இடுக்குகளில் கரும்பழுப்பு வர்ணத்தை நீர்க்க ஓடவிட்டு, மேடுகளில் உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறம் தேய்த்தால், கால் மில்லிமீட்டர் வரம்புகூடத் தன் நிழலோடு எழுந்து நிற்கும்.

2017-இல் பண்டாய் 1/72 அளவில் மில்லெனியம் ஃபால்கன் கிட்டை வெளியிட்டது. அதற்கு மூலம் 1970-களில் செய்த அதே ஐந்தடி மாதிரி. அன்று டாங்கிக் கிட்டுகளிலிருந்து நறுக்கி ஒட்டிய பாகங்களை இன்று அளந்து, குறுக்கி, எஃகு அச்சில் வெட்டியிருக்கிறார்கள். ஜப்பானியக் கிட்டிலிருந்து புறப்பட்ட துண்டுகள் விண்கலமாகித் திரும்பவும் ஜப்பானியக் கிட்டுக்குள் வந்துவிட்டன. ஆனால் அச்சிலிருந்து பாகம் கழன்று வரவேண்டும் என்பதால், மேனியோடு சேர்த்து வார்க்கும் குழாய்களுக்கு அடியில் இடைவெளி வைக்க முடிவதில்லை. அவை பாதி உடம்போடு மேனியில் புதைந்தே இருக்கும். பொறுமைசாலிகள் அவற்றைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, இரு முனையிலும் துளையிட்டு, 0.2 மி.மீ. செப்பு இழையை வளைத்துச் செருகுகிறார்கள். 1/72 கணக்கில் அது பதினான்கு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான குழாய். அதன் அடியில் இப்போது வெளிச்சம் புகுந்து போகிறது.