கைநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

குமரி மாவட்டத்து வட்டக்கோட்டையோடு சேர்த்துப் பேசப்படும் திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கிறது; அதில் தமிழிலும் லத்தீனிலும் கல்வெட்டு. நான் தேடியவர்களுக்குக் கல்லும் இல்லை, காகிதமும் எளிதில் அகப்படவில்லை. 1990களில் முதியோருக்கு எழுத்தறிவு தர அறிவொளி இயக்கம் வந்தபோது, வட்டக்கோட்டையைச் சுற்றிய ஊர்களில் நாற்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படித்த பெண்கள் அவர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கினேன். 1991இல் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 82 விழுக்காடு. மாநில சராசரி 63ஐக்கூடத் தொடவில்லை. இதன் வேர் பழையது. பக்கத்து மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். 1818இல் இன்னொரு மிஷனரி மீட் நாகர்கோவிலுக்கு வந்தார். பள்ளிகள் பெருகின. ஆனால் அந்த 82க்குள் பள்ளிப் பிள்ளைகளும் பாட்டிமாரும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறார்கள். முந்தைய கணக்கோடு நேராக ஒப்பிடவும் வழியில்லை; ஏழு வயது நிரம்பியவர்களை மட்டும் எண்ணும் முறை 1991இல்தான் வந்தது. போதாததற்கு, கணக்கெடுப்பாளர் யாரையும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. திண்ணையில் இருக்கும் மகன் "அம்மைக்குப் படிப்பில்ல" என்றால் அதுதான் பதிவு.

வாசிக்கச் சொல்லிப் பார்த்த நாடுகளும் உண்டு. தான்சானியாவில் 1970ஐ முதியோர் கல்வி ஆண்டாக அறிவித்தார் அதிபர் நைரேரே. 1975இல் நாடு முழுவதும் தேர்வு வைத்து, கற்றவர்களை நிலைவாரியாகப் பிரித்தார்கள். இங்கும் தேசிய எழுத்தறிவு இயக்கம் அளவுகோல் வைத்திருந்தது: நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்கவேண்டும், 7 சொல் பார்த்து எழுதவேண்டும், 5 சொல் கேட்டு எழுதவேண்டும். அந்தத் தேர்வுகளைப் பற்றி என் கைக்கு வந்ததெல்லாம் கூட்டுத்தொகைகள். ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

அந்நாளில் தொண்டராக இருந்த ஒருவர்தான் தடத்தைத் திருப்பிவிட்டார். "குழு நோட்டப் பாத்தீளா சார்?" என்றார். 1990களின் பிற்பகுதியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பரவியபோது, கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் எழுதி எல்லோரும் ஒப்பமிட வேண்டியிருந்தது.

ஒரு வீட்டு அலமாரியிலிருந்து அப்படியொரு நோட்டு வெளியே வந்தது. முதல் பக்கங்களில் ஊதா மையில் கைநாட்டுகள். சில மாதங்கள் தள்ளி, அவர்களில் ஒரு பெண்ணுக்குரிய வரிசையில் கைநாட்டும் அதன் பக்கத்தில் பெயரும். அதற்குப் பிறகு பெயர் மட்டும். புள்ளிகள் விட்டுப்போயிருக்கின்றன, எழுத்து கோட்டைத் தாண்டி இறங்குகிறது. பேனாவை அழுத்திய அழுத்தில் தாளின் பின்பக்கம் தடவினால் பெயர் விரலில் தட்டுப்படுகிறது.

அறிவொளியில் கற்றதா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

"கிளாசுக்குப் போனேன் மக்களே, பாதியில விட்டாச்சு. பொறவு குழுவில லோன் எடுக்கணும்லா? கைநாட்டு வைக்க வெக்கமாட்டு இருந்து. பழைய புக்க எடுத்துத் திரும்பவும் எழுதிப் பாத்தேன்."

இயக்கத்தின் கணக்கில் இவர் பாதியில் நின்றவர். அன்று விதைத்தது, பணமும் தேவையும் கைக்கு வந்தபோது முளைத்திருக்கிறது. அதற்குள் அரசு கணக்கை முடித்துவிட்டது. அறிவொளி தோற்றதா வென்றதா என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இந்த நோட்டுகளைப் பார்க்காமல் பேசக் கூடாது என்பது என் கருத்து.

குழு கலைந்ததும் நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. மிஞ்சியவற்றையாவது ஊராட்சிகள் இப்போதே படமெடுத்து வைக்க வேண்டும். ஒப்பமிட்டவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. எந்தப் பக்கத்தில் எதற்காகப் பேனாவை எடுத்தோம் என்று சொல்ல இன்னும் அவர்கள் இருக்கிறார்கள்.