பெரட்டு மணியும் ஊசி நேரமும்

ரப்பர் மரத்தில் பால் தாராளமாக ஓடுவது விடியலை ஒட்டிய நேரத்தில்தான். இரவு முழுக்க வேர்கள் நீரை இழுத்து வைத்திருப்பதால் பட்டைக்குள் அப்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை விடும், அழுத்தம் இறங்கும், வெட்டில் பால் உறைந்து நின்றுவிடும். பேராக் தோட்டங்களின் வேலைநாளை வகுத்தது இந்த ஒரு சங்கதிதான். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட 9 கன்றுகளில் ஒன்று என்று சொல்லி இன்றும் அவ்வூரில் ஒரு முதிய மரத்தைக் காட்டுவார்கள். அங்கே தொடங்கிய ரப்பர், இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் என்று மாநிலமெங்கும் பரவியது. கூடவே ஒரு நேர ஒழுங்கும் பரவியது. இருட்டில் ஆட்களைத் திரட்டும் பெரட்டு மணி, பேர் கூப்பிடும் கிராணி, நிரை பிரித்துக் கொடுக்கும் கங்காணி, வரக்காப்பியோடு மரத்தடி. பாதி வேலையில் பசியாறல், பிறகு மங்கிலிருந்து வாளிக்குப் பால் எடுப்பு, உச்சிவேளையில் ஸ்டோரில் நிறுவை.

நீரிழிவுக்குப் போடும் இன்சுலின் இதற்கு முற்றிலும் வேறான ஓர் ஒழுங்கைக் கேட்ட மருந்து. கனடாவின் டொரோண்டோ நகரில் 1921இல் பிரடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையம் அகற்றப்பட்ட நாய்களுக்குக் கணையச் சாற்றை ஊசியாகப் போட்டுச் சர்க்கரையை இறக்கிக் காட்டினார்கள். ஆக, இன்சுலினால் முதலில் உயிர் நீட்டிக்கப்பட்டவை வளர்ப்புப் பிராணிகளின் இனத்தைச் சேர்ந்தவையே. மனிதர்களின் முறை 1922 ஜனவரியில் வந்தது. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மறு ஆண்டே மருந்து விற்பனைக்கு வந்தது.

அந்தத் தெளிந்த திரவம் போட்ட அரைமணியில் வேலையைத் தொடங்கும், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சம் தொடும், ஆறேழு மணி நேரத்தில் அடங்கிவிடும். அதனால் நாளுக்கு இரண்டு, மூன்று ஊசி, ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு சாப்பாடு என்பதே கணக்கு. கண்ணாடிச் சிரிஞ்சை ஒவ்வொரு முறையும் கொதிக்க வைக்க வேண்டும். மழுங்கிய ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ள வேண்டும்.

இதைப் பால்வெட்டும் ஒருவரின் காலையோடு பொருத்திப் பார்த்தால் இடிக்கும் இடம் தெரியும். ஐந்து மணிக்கு ஊசி போட்டால் ஐந்தரைக்குச் சாப்பிட்டாக வேண்டும். தோட்ட வழக்கத்திலோ அந்நேரத்துக்கு வரக்காப்பி மட்டும்தான். பசியாறல் ஒன்பது மணிக்கு மேல். மருந்து உச்சத்துக்கு வரும் ஏழு, எட்டு மணிக்கு அவர் நிரையின் நடுவில், மரத்துக்கு மரம் விரைந்து நடந்துகொண்டிருப்பார். நடக்கும் காலில் போட்ட ஊசி இரத்தத்தில் இன்னும் விரைவாகச் சேரும். உழைக்கும் தசை தன் பங்குக்குச் சர்க்கரையை இழுக்கும். வியர்வை, நடுக்கம், கண்ணிருட்டல் என்று சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகளை வெறும் வயிற்று மயக்கத்திலிருந்து பிரித்தறிவது பக்கத்து நிரையில் இருப்பவருக்கு எளிதல்ல.

தோட்டத்து ஆஸ்பத்திரியும் இதற்காகக் கட்டப்பட்டதல்ல. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு முதலாளிமார்களை மருத்துவ வசதி செய்யப் பணித்தபோது, எதிரில் நின்றவை மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும். அங்கே அன்றாடம் இருந்தவர் டாக்டர் அல்ல, டிரெஸ்ஸர் என்னும் மருத்துவ உதவியாளர். மலேசியத் தமிழர் இன்றும் ‘இனிப்பு நீர்’ என்றே சொல்லும் இந்த நோயைக் கண்டறிய, ஐந்து மில்லி நீலநிறப் பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு விளக்கில் காய்ச்சுவது அக்காலச் சோதனை. நீலம் நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்தில் படிந்தால் சிறுநீரில் சர்க்கரை மிக அதிகம். இரத்தத்தில் அந்த நிமிடம் எவ்வளவு சர்க்கரை என்பதை அது சொல்லாது. சில மணி நேரத்துக்கு முந்தைய கதையைத்தான் சொல்லும்.

1936இல் டென்மார்க்கின் ஹாகெடோர்ன் குழுவினர், மீன் விந்துப் பையிலிருந்து எடுத்த புரோட்டமினை இன்சுலினோடு சேர்த்து, அது மெல்லக் கரையும்படி செய்தார்கள். அதே ஆண்டு டொரோண்டோவில் துத்தநாகம் சேர்ந்தது. பி.இசட்.ஐ. எனப்பட்ட இந்தக் கலவை ஒரு நாளுக்கும் மேல் தாங்கியது. 1946இல் என்.பி.எச்., 1950களின் தொடக்கத்தில் லென்ட்டே வந்தன. ஒரு நாளைக்கு ஒரே ஊசி என்ற வசதி இவற்றால் கிடைத்தது. கூலி வேலைக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை. ஆனால் என்.பி.எச். விடிகாலையில் போட்டால் அதன் உச்சம் காலை பிந்தி, நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் விழும். வரிசை நீண்டால் மதியச் சாப்பாடு தள்ளும். சாப்பாடு தள்ளினாலும் மருந்து காத்திருக்காது.

இதற்கிடையே கடிகாரமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. மலாயாவின் நேரம் 1905இல் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னதாக வைக்கப்பட்டது. 1933இல் 20 நிமிடம் கூட்டப்பட்டது, 1941இல் இன்னும் 10 நிமிடம். ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம் நடப்புக்கு வர, ஒன்றரை மணி நேரம் ஒரேயடியாகத் தாவியது. 1945இல் பழைய கணக்கு திரும்பியது. 1982 ஜனவரி 1 முதல் 8 மணி. இன்று ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. மரத்துக்குச் சூரியன்தான் கணக்கு, மருந்துக்கு இரண்டு ஊசிக்கு நடுவே உள்ள இடைவெளி. கடிகார எண்ணை நம்பி வாழ வேண்டியிருந்தவர்கள் மனிதர்கள் மட்டுமே.

சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16 அன்று தோட்டத்துரைமார் மூவர் கம்யூனிஸ்டுப் போராளிகளால் கொல்லப்பட்டதை ஒட்டி மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. ஊரடங்கு விலகும்வரை யாரும் வெளியேற முடியாததால் வேலை தொடங்கும் நேரம் தோட்டத்தின் கையை விட்டுப் போனது. கம்யூனிஸ்டுப் படையைப் பட்டினி போடுவதற்கான உணவுத் தடை அதைவிடக் கடுமை. மத்திய பேராக்கில் 1958இல் பெரிய அளவில் நடந்த நடவடிக்கையும் அந்த வகை. குடியிருப்பு வேலிக்கு வெளியே உணவு எடுத்துப் போகத் தடை, வாசலில் சோதனை. சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட்டுக்கொள்ள மடியில் ஒரு கட்டி வெல்லமாவது வேண்டும் என்பது இன்சுலின் போடுபவருக்கான முதல் விதி. அந்த விதியும் அந்தத் தடையும் ஒரே வாசலில் எதிரெதிராக நின்றன.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பிறகு ரப்பரை அப்புறப்படுத்திய செம்பனையும் லயங்களை வெறிச்சோட வைத்தன. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங், மெங்லெம்பு, குனோங் ராப்பாட் பக்கம் வந்தன. இரவில் சில மணி நேரமே ஓடும் ஜெனரேட்டரோடு வாழ்ந்தவர்களுக்கு நகரத்தில் முதலில் கிடைத்தது நாள் முழுக்க மின்சாரம். இன்சுலினுக்கு வேண்டிய 2 முதல் 8 டிகிரிக் குளிர் அதனால் வீட்டுக்குள் வந்தது. மாட்டுக் கணையம், பன்றிக் கணையம் என்று இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஆளுக்கொரு தயக்கம் தரக்கூடிய மருந்துக்கு மாற்றாக 1982இல் நுண்ணுயிரில் விளைந்த மனித இன்சுலின் வந்தது. உச்சமில்லாமல் ஒரே சீராக ஓடும் கிளார்ஜின் 2000இல் வந்தது. உழைப்பு குறைந்து சோறு குறையாத நகர வாழ்க்கையில் நோயோ பெருகியது. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. வேறெந்த இனத்திலும் அவ்வளவு இல்லை.

வீட்டுப் பூனைக்கும் அதே நோய் வந்தது இந்த இடமாற்றத்தின் இன்னொரு பக்கம். லயத்துப் பூனை எலி பிடிக்க இருந்தது. மிச்சச் சோறும் நெத்திலித் தலையும் தின்றது, நாள் முழுக்க வெளியில் திரிந்தது. நகரத்துப் பூனை கருத்தடை செய்யப்பட்டு, மாடி வீட்டுக்குள் அடைந்து, கிண்ணத்தில் எந்நேரமும் நிறைந்திருக்கும் உலர் தீவனத்தைக் கொறிக்கிறது. உடல் பெருத்த, நடுவயது தாண்டிய, கருத்தடை செய்த கடுவன்களுக்கே இந்த நோய் அதிகம். மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது இது. கணையத்தின் இன்சுலின் திட்டுகளில் அமிலாய்டு என்னும் புரதம் படிவதும் இரண்டுக்கும் பொது. பூனை தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராது, மணல் தட்டு நனைந்துகொண்டே இருக்கும், தின்றும் மெலியும். நோய் முற்றினால் பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து முயலைப் போல் நடக்கும்.

ஈப்போவில் கால்நடை ஆய்வுக் கழகம் 1948இலேயே அமைந்துவிட்டது. கோழி, மாடு, பன்றி ஆகியவற்றின் கொள்ளைநோய்களே அதன் கவலை. 1998இல் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் நிப்பா வைரஸ் கிளம்பியபோதும் ‘கால்நடை மருத்துவம்’ என்ற சொல்லுக்குப் பண்ணை என்பதே பொருளாக இருந்தது. வீட்டுப் பூனையின் சர்க்கரையை அளக்கும் தனியார் கிளினிக்குகள் பெரும்பாலும் அதற்குப் பிந்திய வழக்கம்.

மருந்தின் வரலாறு இங்கே ஒரு வேடிக்கையான வட்டம் அடிக்கிறது. பூனை இன்சுலின் மாட்டு இன்சுலினிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது. மனித இன்சுலினிலிருந்து நான்கில். ஆகவே மனிதர்கள் கைவிடத் தொடங்கிய, மாட்டு இன்சுலின் அடங்கிய பழைய பி.இசட்.ஐ. பூனைக்குப் பொருந்தியது. 1990களில் அது மனிதச் சந்தையிலிருந்து விலகியதும் பூனை மருத்துவர்கள் தவித்தார்கள். பூனைக்கென்றே அது மறுபிறவி எடுத்து 2009இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பன்றி இன்சுலினில் செய்த கேனின்சுலின் பெயரளவில் நாயுடையது, பயனில் இரண்டுக்கும். கிளார்ஜினைப் பூனைக்குப் போட்டுப் பார்த்த குவீன்ஸ்லாந்து ஆய்வுகள், மாவுச்சத்துக் குறைந்த உணவோடு தொடக்கத்திலேயே போட்டால் பல பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புவதைக் காட்டின. மனித நோயாளிக்கு அரிதாகவே கிடைக்கும் விடுதலை அது.

மனிதனுக்கு ஒரு நாள் தாங்கும் மருந்தைப் பூனையின் உடல் பாதி நாளில் செலவழித்துவிடுகிறது. ஆகவே 12 மணி நேரத்துக்கு ஒன்றாக இரண்டு ஊசி. தொழிற்பேட்டையில் காலை 7 முதல் இரவு 7 வரை ஷிப்ட் செய்பவரின் நாளுக்கு இது அச்சாகப் பொருந்துவதுபோல் தோன்றும். போக்குவரத்தைச் சேர்த்தால் பொருந்தாது. காலை ஆறுக்கு முதல் ஊசி என்றால் மாலை ஆறுக்கு அவர் இன்னும் இயந்திரத்தின் முன்னால். பகல் ஷிப்ட் இரவு ஷிப்டாக மாறும் வாரத்தில் கணக்கு மறுபடி கலையும். அரைமணி, ஒருமணி முன்பின் ஆனால் பாதகமில்லை. தவறிய ஊசியை ஈடுகட்ட அடுத்ததை இரட்டிப்பதுதான் ஆபத்து. பல வீடுகளில் வேலைக்குப் போகாத பாட்டியோ, பள்ளி விட்டு வந்த பிள்ளையோ மாலை ஊசியை ஏற்றுக்கொள்கிறார்கள். டிரெஸ்ஸர் வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

அந்த வேலையின் நுட்பம் சிறிதல்ல. பூனைக்கு வேண்டியது பெரும்பாலும் ஒன்றிரண்டு அலகு. கண்ணுக்கு அது ஒரு துளி. கேனின்சுலின் மில்லிக்கு 40 அலகு, மனிதருக்கான கிளார்ஜின் 100. நூறுக்கான சிரிஞ்சில் நாற்பதை ஏற்றினால் வேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்குதான் உள்ளே போகும்; மாற்றிச் செய்தால் இரண்டரை மடங்கு போய்ச் சேரும். முதலில் தீனி வைத்து, பூனை தின்பதைப் பார்த்து, விலாப்பக்கத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செருக வேண்டும். ரோமத்தில் ஈரம் பட்டால் மருந்து வெளியே போயிற்று. அப்போதும் மறு ஊசி கூடாது. தின்ன மறுத்த பூனைக்கு வழக்கமான அளவைப் போடக் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும். தள்ளாடி விழுந்தால் ஈறில் தேன் தடவிவிட்டு உடனே கிளினிக்குக்குத் தூக்க வேண்டும். மடியில் வைத்திருந்த வெல்லக்கட்டியின் இடத்தில் இப்போது தேன்.

2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃபுளோசின் என்ற மாத்திரை பூனைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் இது நாளுக்கு ஒருமுறை போதும். ஆனால் முன்பு இன்சுலின் போட்ட பூனைக்கு அதைக் கொடுக்கலாகாது. கீட்டோன் ஏறி உயிருக்கே கேடு வரலாம். ஏற்கனவே ஊசிக்குப் பழகிய பூனைகள் உள்ள வீடுகளில் காலை ஆறும் மாலை ஆறும் அப்படியே தொடர்கின்றன.