நோயுற்றோர் கேள்வி கேட்கக் கற்ற வரலாறு

வெள்ளி விழா மலருக்குக் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்து தருமாறு நம் சங்கத்தார் பணித்தனர். பள்ளிக்கூடக் கல்வியைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். ஆகவே, மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நம் தமிழ்நாட்டு மக்கள் சிலர் ஆசிரியரின்றித் தாமே கற்றுக்கொண்ட ஒரு கல்வியின் வரலாற்றை மில்லர்புரத்து இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன். எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோரின் வரலாறு அது. இதை ஏன் தேர்ந்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் உப்பளத் தொழிலாளி. நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அவர் காலில் ஏற்பட்ட புண் பல மாதங்கள் ஆறாமல் இருந்தது. மருத்துவமனை ஒன்றுக்கு அவரோடு சென்றேன். சீட்டை நீட்டினோம், காகிதப் பொட்டலத்தில் மாத்திரை வந்தது. "இது எதற்கு, ஐயா?" என்று கேட்டேன். "நாலெழுத்துப் படித்த திமிரா?" என்பதே விடையாகக் கிடைத்தது. தந்தையார் என் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "ஏலே, கேட்டா அடுத்த வாட்டி குடுக்க மாட்டாவ" என்றார். அவருக்கு இருந்தது சர்க்கரை நோய் என்பது, பாதத்தை அகற்றிய பிறகே எங்களுக்குத் தெரிய வந்தது. கேளாமல் இருப்பதே மரியாதை என்று நம் முன்னோர் பழக்கப்படுத்தப்பட்டிருந்தனர். அந்தப் பழக்கத்தை முறித்தவர்கள் என்பதனாலேயே இம்மக்கள் என் மனத்தில் உயர்ந்து நிற்கின்றனர்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986ஆம் ஆண்டில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் ஆறு பேருக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. இரயிலில் மாதிரிகளைச் சுமந்து சென்ற அந்த மருத்துவரின் துணிவு போற்றத்தக்கதே. ஆயினும் எந்த நோய்க்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. சொன்னாலும் விளங்காது என்று எண்ணிய காலம் அது. அந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. நூற்றாண்டுகளாக நம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதும் அதுவே.

சொல்லாமல் சோதித்தவர்கள் அடுத்துச் சிறைப்படுத்தவும் தொடங்கினர். கோவாவில் 1989இல் டொமினிக் டிசூசா என்னும் இளைஞர், இரத்ததானம் செய்தவரே, போலீசாரால் அழைத்துச் செல்லப்பட்டுப் பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாட்கள் அடைத்து வைக்கப்பட்டார். தாம் செய்த குற்றம் யாது என்பதை அவர் அங்கிருந்த பதிவேட்டைப் பார்த்தே அறிந்தார். தமிழ்நாட்டிலும் கிருமி கண்ட பெண்கள் காவல் இல்லத்தில் காலவரையின்றி வைக்கப்பட்டிருந்தனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த வழக்கின் பேரில் 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்கச் செய்தது.

மருத்துவமனைக்குள்ளும் நிலைமை மேலானதாக இல்லை. தனிக் கட்டில், தனித் தட்டு, கட்டிலின் மேல் எல்லாரும் படிக்கும்படி தொங்கும் அட்டை, அறுவைச் சிகிச்சைக்கு மறுப்பு. தேநீர்க் கடைகளில் நமக்கென்று தனிக் குவளை வைத்திருந்ததை அறிந்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையில்தான் 1997ஆம் ஆண்டில் அசோக் பிள்ளை உள்ளிட்ட சிலர் சென்னையில் ஒன்றுகூடி, எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கான இந்திய வலையமைப்பைத் தோற்றுவித்தனர். அசோக் பிள்ளை கடற்படையில் பணியாற்றியவர். மறு ஆண்டு, 1998இல், நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யாவும் தோழியரும் பெண்களுக்கென ஒரு வலையமைப்பை நிறுவினர். உறவினருக்கு மணம் செய்து வைக்கப்பட்ட கௌசல்யா, சில வாரங்களிலேயே தமக்கும் கிருமி தொற்றியிருப்பதை அறிந்தார். கணவருக்கு அது முன்னரே தெரிந்திருந்தது. முகத்தை மறைத்துக்கொள்ளாமல், பெயரையும் மாற்றிக்கொள்ளாமல் பொதுமேடையில் பேசிய முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர். அமெரிக்காவின் டென்வர் நகரில் 1983இலேயே எய்ட்ஸ் நோயாளிகள் கூடி, தம்மைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் இடங்களிலெல்லாம் தாமும் இருக்க வேண்டும் என்று அறிவித்திருந்தனர். டென்வர் அறிக்கையைப் படித்துவிட்டு நாமக்கல் பெண்கள் புறப்பட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டா. அவமானம் எங்கும் ஒரே பாடத்தையே கற்பிக்கிறது.

அவர்கள் கற்ற பாடம் எளிதானதன்று. குருதியில் உள்ள சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை என்றால் என்ன, அது குறைந்தால் உடலில் எதிர்ப்பாற்றல் ஏன் குன்றுகிறது, ஒரே மருந்தை உட்கொள்ளாமல் மூன்று மருந்துகளை ஏன் சேர்த்து உட்கொள்ள வேண்டும், ஒரு வேளை தவறினாலும் கிருமி எவ்வாறு மருந்தை வெல்லப் பழகிக்கொள்கிறது என்பவற்றையெல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பெண்களும் கற்றனர். கற்றதைப் பிறர்க்கும் எடுத்துரைத்தனர். அறிவியல் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: உயிர்க்கு வேண்டிய பாடமாயின் அதை விளங்கிக்கொள்ளாத மாணவர் இலர்.

மருந்து என்னவென்று தெரிந்தது. ஆனால் அது கைக்கு எட்டவில்லை. மேலை நாடுகளில் ஓராண்டுக்கான கூட்டு மருந்தின் விலை 10,000 டாலருக்கும் மேல். 2001இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது உலகமே வியந்தது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 16,000 ரூபாய். மருந்துப் பொருளுக்கன்றி அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கிய 1970ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு வழி செய்தது. ஆனால் உப்பளத்திலும் துறைமுகத்திலும் கூலி பெறுவோர்க்கு அந்த 16,000 ரூபாயும் எட்டாக்கனியே. இலவசமாக வழங்குங்கள் என்ற குரல் ஓங்கியது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இலவச மருந்து வழங்கப்படலாயிற்று. அவற்றுள் ஒன்று தாம்பரம் மருத்துவமனை. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்காகத் தோற்றுவித்த அதே இடம், எச்.ஐ.வி. நோயாளருக்கும் புகலிடமாயிற்று.

அடுத்த போராட்டம் சட்டப் புத்தகத்தோடு நடந்தது. 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மருந்துப் பொருள்களுக்கும் காப்புரிமை வந்தது. ஆயினும் காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்பு மனு அளிக்கலாம் என்னும் பிரிவு அச்சட்டத்தில் இருந்தது. வழக்கறிஞர்களின் துணையோடு நோயாளிகள் அதைக் கையில் எடுத்தனர். ஏற்கெனவே அறியப்பட்ட இரு மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்த்த காம்பிவிர் என்பதற்கு ஒரு பன்னாட்டு நிறுவனம் காப்புரிமை கோரியபோது, சென்னையில் பிறந்த வலையமைப்பும் மணிப்பூர் நோயாளிகளின் அமைப்பும் 2006 மார்ச்சில் எதிர்ப்பு மனு அளித்தன. இதில் புதுமை ஏது என்பதே அவர்கள் கேள்வி. சில மாதங்களில் அந்நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம், புற்றுநோயாளர் உதவிச் சங்கம் உள்ளிட்டோரின் எதிர்ப்பை ஏற்று, கிளிவெக் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை நிராகரித்திருந்தது. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஏப்ரல் 1 அன்று நோயாளர்க்கு ஆதரவாகவே முடிந்தது.

சொல்லாமல் இரத்தம் எடுத்த 1986க்கு விடை 2017இல் வந்தது. அவ்வாண்டு நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, விவரத்தை விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் எவரையும் சோதித்தலோ அவருக்குச் சிகிச்சை அளித்தலோ கூடாது. அவர் நிலையைப் பிறர்க்கு வெளியிடுதலும் கூடாது. இடைப்பட்ட முப்பத்தோராண்டு காலத்தில் கேள்வி கேட்டவர்களுள் பலர் இச்சட்டத்தைக் காண உயிரோடு இல்லை. அசோக் பிள்ளை 2002இலேயே மறைந்தார்.

"ஐயா, எங்களுக்கு அந்த நோய் இல்லையே" என்று இளைஞர் சிலர் கருதக்கூடும். உச்ச நீதிமன்றம் 2008இல் சமிரா கோலி வழக்கில், எந்த நோயாளியாயினும் அவருக்கு விளக்கிச் சொல்லிப் பெறும் ஒப்புதலே ஒப்புதல் என்று தீர்ப்பளித்துள்ளது. மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என 1995இல் சாந்தா வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு அது பொருந்தாது என்று அத்தீர்ப்பே விலக்கிவிட்டது. நம்மவரில் பெரும்பாலோர் செல்வது அத்தகைய இடங்களுக்கே. காசு கொடாதவனுக்குக் கேட்கும் உரிமை குறைவு என்பதாக இது எனக்குப் படுகிறது. சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் இதனை ஆராய வேண்டும். எனினும் அரசு மருத்துவமனை தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் அவர்கள் மறத்தலாகாது.

என் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வேலை தருகிறேன். வீட்டில் உள்ள மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து, மருந்தின் பெயர், அளவு, காலாவதி நாள், எந்த நோய்க்கு என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவி மூன்று அட்டைகளைக் கொண்டுவந்தாள். இரண்டுக்கு எழுதியிருந்தாள், மூன்றாவதற்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது. "ஆச்சிக்கும் இது எதுக்குன்னு தெரியல சார். வியாழக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போறோம், கேட்டுட்டு வந்து எழுதுதேன்" என்றாள். வெள்ளிக்கிழமை குறிப்பேட்டில் "இரத்த அழுத்தம்; காலையில் ஒன்று; நிறுத்தக் கூடாது" என்று எழுதியிருந்தது.