பழிப் பங்கீடு (விபத்து இழப்பீட்டு வழக்குகள்)

பழிப் பங்கீடு என்பது ஒருவரின் காயத்துக்கோ உயிரிழப்புக்கோ பலருடைய கவனக்குறைவு காரணமாகும்போது, இழப்பீட்டுச் சுமையை யார் எவ்வளவு தாங்குவது என்று தீர்மானிக்கும் முறை. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. பெரும்பாலும் மோட்டார் வாகன விபத்து வழக்குகளின் தீர்ப்புகள் வழியாகவே இது உருப்பெற்றது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் திருவிடந்தை. நித்தியகல்யாணப் பெருமாளை வேண்டித் திருமணத்துக்குக் காத்திருப்போர் மாலையோடு வரும் ஊர். கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு காரும் அரசுப் பேருந்தும் மோதி, நிலைதடுமாறிய கார் ஓரத்தில் பூ விற்றவரின் காலை முறித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி அவர் செங்கல்பட்டில் உள்ள தீர்ப்பாயத்தில் மனுப்போடலாம். தாம் குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரிலோ எதிர்மனுதாரர் குடியிருக்கும் ஊரிலோ போடவும் இடமுண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கு ஆறு மாதக் கெடு உண்டு. பேருந்தின் மீது 70 சதவீதம், காரின் மீது 30 சதவீதம் பழி என்றும், இழப்பீடு 10 லட்சம் ரூபாய் என்றும் தீர்ப்பு வந்தால், பூக்காரர் இரண்டு இடத்தில் அலைய வேண்டியதில்லை. முழுத் தொகையையும் காரின் காப்பீட்டு நிறுவனத்திடமே வாங்கிக்கொள்ளலாம். மீதி 7 லட்சத்தைப் போக்குவரத்துக் கழகத்திடம் வசூலிப்பது அந்த நிறுவனத்தின் பாடு.

இதற்குக் கூட்டுக் கவனக்குறைவு என்று பெயர். அடிபட்டவர் மீதும் தவறு இருந்தால் அது பங்களிப்புக் கவனக்குறைவு. அவருடைய பங்கு தொகையில் கழிக்கப்படும். இரண்டையும் குழப்பிக்கொண்ட தீர்ப்பாயங்கள் பல. உச்ச நீதிமன்றம் டி.ஓ. ஆண்டனி வழக்கில் (2008) இவற்றைப் பிரித்துக் காட்டியது. கென்யெய் வழக்கில் (2015) விதியை முழுமையாக வகுத்தது. அதன்படி, மனுதாரரைப் பொறுத்தவரை எதிர்மனுதாரர்களிடையே தொகையைக் கூறுபோடக் கூடாது. எல்லா எதிர்மனுதாரர்களும் வழக்கில் இருந்தால் அவர்களுக்குள் உள்ள விகிதத்தைத் தீர்ப்பாயம் குறித்துவைக்கலாம். பணம் கட்டியவர் நிறைவேற்று மனு மூலமே மற்றவரிடம் வசூலிக்கலாம். ஒருவர் விடுபட்டிருந்தால், கட்டியவர் தனியாக வழக்குப் போட வேண்டும்.

நடைமுறையில் இந்த விதியின் அருமை தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். இழப்பீடு கட்டாததால் அரசுப் பேருந்து ஜப்தி செய்யப்பட்ட செய்தி இங்கே அடிக்கடி வருவது. தனி நிதி வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்களிக்க 146ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி விலக்குப் பெற்ற பேருந்துக்குப் பின்னால் காப்பீட்டு நிறுவனம் நிற்பதில்லை. அத்தகைய வழக்கில் காரின் காப்பீடு கைகொடுக்கும்.

முழுத் தொகையையும் எதிர்மனுதாரர் எவரிடமும் வாங்கலாம் என்பதால் உண்மையான சண்டை, மனுதாரரின் தலையில் ஒரு பங்கையாவது ஏற்ற முடியுமா என்பதில்தான் நடக்கிறது. தலைக்கவசம் இல்லை, வண்டியில் மூன்று பேர் போனார்கள் என்பவை வழக்கமான வாதங்கள். மூவர் பயணம் 128ஆம் பிரிவுக்கு மாறானதுதான். ஆனாலும் அதுவே விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணமானது என்று நிரூபிக்காமல் தொகையைக் குறைக்க முடியாது என்று முகமது சித்திக் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் கூறியது. டெல்லி உயர் நீதிமன்றம் கழித்த 10 சதவீதம் ரத்தானது. பழி எவ்வளவு என்பதற்கு முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், கண்டவர் சாட்சியம் ஆகியவையே அடிப்படை. 60, 40 என்ற எண்களில் கணக்கின் துல்லியத்தைத் தேட வேண்டாம். அவை நீதிபதியின் மதிப்பீடு.

பணம் கட்டியவர் மற்றவரிடம் பங்கு கேட்கும் உரிமை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1799இல் வந்த மெரிவெதர் வழக்கின் தீர்ப்பு, முழுத் தொகையையும் கட்டிய தவறிழைத்தவர் தன் கூட்டாளியிடம் பங்கு கேட்க முடியாது என்றது. தவறு செய்தவனுக்கு நீதிமன்றம் ஏன் உதவ வேண்டும் என்ற எண்ணம் அது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் வரவில்லை. இங்குள்ள உயர் நீதிமன்றங்கள் சில அந்தப் பழைய விதியை ஏற்க மறுத்தன.

வாகன விபத்துகளுக்கு வெளியே பழிப் பங்கீட்டுக்குப் பெரிய எடுத்துக்காட்டு, 1997 ஜூன் 13 அன்று 59 பேரைப் பலிகொண்ட டெல்லி உப்கார் திரையரங்குத் தீவிபத்து. 2003இல் டெல்லி உயர் நீதிமன்றம் திரையரங்கு உரிமதாரருக்கு 55 சதவீதமும், மின்வாரியம், மாநகராட்சி, உரிமம் வழங்கிய காவல்துறை ஆகிய மூன்றுக்கும் தலா 15 சதவீதமும் பிரித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியையும் காவல்துறையையும் விடுவித்து, உரிமதாரருக்கு 85, மின்வாரியத்துக்கு 15 என மாற்றியது. அனுமதி கொடுத்த அலுவலகங்கள் பழியிலிருந்து நழுவுவது எவ்வளவு எளிது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி.

சாலையை அமைத்தவரின் பங்கு இன்னும் சரியாக அளக்கப்படவில்லை. வடிவமைப்பும் பராமரிப்பும் தரக்குறைவாக இருந்து சாவோ ஊனமோ நேர்ந்தால், ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பான அதிகார அமைப்புக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 198அ பிரிவைச் சேர்த்தது. அந்தப் பணம் விபத்து நிதிக்குப் போகும். பூக்காரரின் இழப்பீட்டுத் தொகையில் சேராது.