ஹார்னஸ் போட்டிருக்கிறார், கொக்கி எங்கே?

சிங்கப்பூரில் உங்கள் தரைவீட்டுக் கூரை ஒழுகுகிறது. சரிசெய்ய வந்த அண்ணன் ஹார்னஸ் போட்டிருக்கிறார். நல்லது. ஆனால் அதன் கயிற்றை எங்கே மாட்டியிருக்கிறார்னு பாருங்க. எதிலும் மாட்டாத ஹார்னஸ் வெறும் உடுப்புதான்.

மாட்டினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கயிறு ஏறக்குறைய 2 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்கப் பிரிந்து நீளும் பட்டைக்கு இன்னும் 1 மீட்டர். அதற்குக் கீழே ஆளின் உயரமும் பாதுகாப்பு இடைவெளியும். கூட்டிப் பார்த்தால், கொக்கிக்குக் கீழே 5 மீட்டருக்கும் மேல் காலி இடம் தேவை. மாடியில்லாத வீட்டின் கூரை ஓரமோ சுமார் 3 மீட்டர்தான்! கயிறு பிடிப்பதற்குள் தரை வந்துவிடும்.

அதனால் தாழ்வான கூரையில், ஓரத்தையே எட்ட முடியாதபடி கயிற்றைக் குட்டையாக வைக்க வேண்டும். ஓரத்தில் தடுப்புக் கம்பி இருந்தால் இன்னும் மேல்.

3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை என்றால், தொடங்கும் முன்பே எழுத்துபூர்வ வேலை அனுமதி வேண்டும் என்பது சட்டம். குத்தகையாளரிடம் விலை பேசும்போதே "கயிற்றை எங்கே மாட்டுவீங்க?"னு கேட்டுடுங்க.