செஞ்சி அடுக்களையும் பக்தாத் அடுமனையும்

செஞ்சிக் கோட்டையின் வரலாற்றை எழுதியோர் முற்றுகைகளையே பெரிதும் எழுதினர். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கோட்டை கை மாறிய கதையை நாம் அறிவோம். அங்குள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசல் ஆற்காட்டு நவாபின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால், கோட்டையைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் அடுக்களைகளுக்கு வரலாற்று நூல்களில் இடமில்லை. அங்கும் ஒரு வரலாறு உண்டு. பெருநாள் காலங்களில் இல்லங்களில் சுடப்படும் பருப்பு பிஸ்கட்டை முன்வைத்து அதனைச் சற்றே நோக்குவோம்.

பிஸ்கட் என்பது ஐரோப்பியர் நமக்குக் கற்பித்த பண்டம் என்ற எண்ணம் படித்தவர்களிடையேயும் வேரூன்றியுள்ளது. அச்சொல் ஐரோப்பியருடையதே, இலத்தீன் வழிவந்த அது ‘இருமுறை சுட்டது’ எனப் பொருள்படும். பண்டமோ அவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) பக்தாத் நகரில் முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலை இயற்றினார். அதில் ‘குஷ்கனானஜ்’ என்றொரு பண்டம் கூறப்படுகிறது. ‘குஷ்க் நான்’, அதாவது உலர்ந்த ரொட்டி என்னும் பாரசீகத் தொடரின் அரபு வடிவமே இப்பெயர்.

அதன் செய்முறை நம் கவனத்திற்குரியது. ஒரு ரத்தல் வெண்மாவுக்கு மூன்று ஊக்கியா எள்நெய் சேர்த்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். பன்னிரண்டு ஊக்கியா கொண்டது ஒரு ரத்தல். ஆகவே மாவில் கால் பங்கு எண்ணெய். மாவு புளித்தபின் நீளமாக உருட்டி, பொடித்த வாதுமையையும் அதைப்போல் இருமடங்கு சர்க்கரையையும் பன்னீரில் கலந்து உள்ளே பொதிந்து, அடுப்பில் சுட்டெடுக்க வேண்டும். இதற்கும் முன்னரே, ஃபாத்திமி கலீஃபா அல்அஸீஸ் (975–996) காலத்துக் கெய்ரோவில், நோன்புப் பெருநாள் பண்டங்களைத் தயாரித்து மக்களுக்கு வழங்க ‘தாருல் ஃபித்ரா’ என்னும் தனி நிலையமே அமைக்கப்பட்டது.

இப்பண்டத்தை முழுவதும் அரபுலகின் கொடை என்று நாம் உரிமை கொண்டாடவும் இயலாது. அதில் சேரும் ‘சுக்கர்’ சமஸ்கிருதச் ‘சர்க்கரா’விலிருந்து சென்ற சொல். ஏலமும் மிளகும் நம் மேற்குமலைச் சரக்குகள். தேங்காயை அரபியர் ‘ஜவ்ஸுல் ஹிந்த்’, இந்தியக் கொட்டை என்றே வழங்கினர். பக்தாத் மாவைப் பதப்படுத்திய எள்நெய்யோ தமிழனுக்கு நல்லெண்ணெய்!

செஞ்சியில் இவ்வரலாறு இன்னொரு திருப்பம் பெறுகிறது. வாதுமை விளையாத அந்தச் செம்மண் காட்டில் விளைவது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பதன் மருவிய வடிவம் அது. தென்னமெரிக்காவில் தோன்றிய அப்பயிர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டிலிருந்து புதுச்சேரி வழியாக மார்செய் துறைமுகம்வரை ஏற்றுமதியானது. தமிழர் மணிலாவின் பெயரால் அழைக்கும் அதனை அரபியர் ‘ஃபூல் சூதானீ’, சூடான் அவரை என்கின்றனர். கைமாறித் தந்த ஊரின் பெயரை இருவரும் மறக்கவில்லை. வாதுமையின் இடத்தில் மல்லாட்டை அமர்ந்தபோது, ஏழையின் வீட்டிலும் பெருநாள் பண்டம் சுட வழி பிறந்தது.

சுடும் முறையிலும் நுட்பம் உண்டு. கொட்டையை வறுத்துத் தோல் புடைத்து, கொரகொரப்பாகவே பொடிப்பர். மிகுதியாக அரைத்தால் எண்ணெய் கக்கிப் பிசுபிசுக்கும். மாவு, நெய், சர்க்கரை, ஏலம், சிறிது சாதிக்காய் சேர்த்துப் பிசைந்து, தட்டில் இடைவெளிவிட்டு அடுக்குவர். அடுமனை இல்லாத வீட்டில் ‘தம்’ முறையே அடுமனையாகும். கனத்த சட்டியில் மணல் பரப்பித் தட்டை வைத்து மூடி, கீழே குறைந்த தணலும் மூடியின்மேல் மிகுந்த தணலும் இடுவர். அடிப்புறம் தீய்ந்து மேற்புறம் வேகாமல் போவதைத் தடுக்கும் ஏற்பாடு இது. பிரியாணிக்கும் தம்ரோட்டுக்கும் கைகொடுக்கும் அதே கலைதான்.

பக்தாதின் அளவுகளை ஓர் எழுத்தர் ஏட்டில் பதிந்தமையால், எட்டு நூற்றாண்டுகள் கடந்தும் அவற்றை நாம் ஓத முடிகிறது. நம் பாட்டிமார் கண்ணளவிலும் கையளவிலும் காத்த அளவுகளுக்கு அத்தகைய ஏடு இல்லை. கடைப் பொட்டலங்கள் மலிந்த இக்காலத்தில், அவர்களோடு அவையும் மண்ணுக்குள் சென்றுவிடுகின்றன. கோட்டைக்கு 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம் என்னும் தகுதி கிட்டியது. அடுக்களைக்கு அத்தகைய காவலர் எவருமிலர். இல்லத்து மூத்த பெண்களிடம் கேட்டு, அளவும் பக்குவமும் வழங்குசொல்லும் மாறாமல் எழுதி வைப்பது நம் கடமை. அந்த ஏடுகளும் நாளைய வரலாற்றாசிரியனுக்குச் சான்று பகரும், இன்ஷா அல்லாஹ்.