உடலின் காவலரை எழுப்பிய வரலாறு

கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே, நொய்யலாற்றின் கரையில் சாமளாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. ஆற்றுநீரைத் தேக்கி வைக்கும் பெருங்குளமும், ஓயாது ஒலிக்கும் விசைத்தறியும் அவ்வூரின் அடையாளங்கள். இவ்வட்டாரத்தில் பஞ்சு நூலாகிறது, நூல் துணியாகிறது, துணி பனியனாகி உலகெங்கும் செல்கிறது. இடையிலே அதற்கு நிறம் ஊட்டுவது சாயப்பட்டறை. சாயக்கழிவினால் நொய்யல் கெட்டதையும், 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாயத்துக்கும் மனித உடலுக்கும் உள்ள உறவைப் பற்றி அதனினும் பழைய வரலாறு ஒன்று உண்டு. அதிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1895ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் ஓர் உண்மையை வெளியிட்டார். மெஜந்தா என்னும் செஞ்சாயம் செய்யும் ஆலையில் பல்லாண்டு உழைத்தவர்களிடையே, சிறுநீர்ப்பையில் கட்டி காணப்பட்டது என்பதே அது. சாயம் செய்யப் பயன்பட்ட பென்சிடின் முதலிய சில பொருள்களே குற்றவாளிகள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நஞ்சு உடலிற் புகுவதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையே இருபது ஆண்டுகள்கூடக் கழியலாம். பென்சிடின் வழி வந்த சாயங்களை இந்திய அரசு 1990களில் தடை செய்தது. இன்று இந்நோய்க்குத் தலையாய காரணம் புகை பிடித்தலே. வலியின்றிச் சிறுநீரில் குருதி தோன்றுவது இதன் முதல் அறிகுறியாக இருத்தல் கூடும். அதனைக் கண்டவர் நாள் கடத்தலாகாது.

இச்சிறுநீர்ப்பைப் புற்றுக்கு உரிய மருந்துகளுள் ஒன்று, குழந்தைப் பருவத்தில் நம் தோளிலே குத்தப்பட்ட அதே பி.சி.ஜி. என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். கட்டியை மருந்து நேரே கொல்வதில்லை. உடலின் காவற்படையை அது எழுப்புகிறது. எழுந்த படை கட்டியை அழிக்கிறது. இவ்வகை மருத்துவத்திற்கு நோயெதிர்ப்பு மருத்துவம் என்று பெயர். காவலரை எழுப்புவது எளிது. எழுந்தவரை அடக்குவது அரிது. இம்மருத்துவத்தின் வரலாறு முழுவதும் இவ்வொரு வாக்கியத்தின் விரிவுரையே எனலாம்.

1891ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து இளம் மருத்துவர் வில்லியம் கோலி, எலும்புப் புற்றினால் ஓர் இளம்பெண் மாண்டதைக் கண்டு மனம் வருந்தினார். பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டியபோது, தோலைச் சிவக்கச் செய்து கடுங்காய்ச்சல் தரும் ஒரு தொற்று நோய்க்கு ஆளான ஒருவருக்கு, அக்காய்ச்சலுக்குப் பின் கட்டி மறைந்து போன செய்தி கிடைத்தது. கோலி துணிந்தார். அந்நோய்க் கிருமிகளைத் தம் நோயாளி ஒருவரின் உடலிற் செலுத்தினார். காய்ச்சல் மூண்டது, கட்டி கரைந்தது. ஆயின் அதே முறையைப் பெற்ற வேறு சிலர் அத்தொற்றினாலேயே உயிரிழந்தனர். எனவே அவர் இறந்த கிருமிகளைப் பயன்படுத்தலானார். யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று அவரால் முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. எக்ஸ் கதிர் மருத்துவம் வந்தபின் அவருடைய முறை மறக்கப்பட்டது.

பி.சி.ஜி.யின் கதை பிரான்சு நாட்டின் லீல் நகரில் தொடங்குகிறது. கால்மெட், கெரான் என்னும் இருவர் 1908 முதல் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் சேர்ந்த உருளைக்கிழங்கின்மேல் வளர்த்து வந்தனர். பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை இடம் மாற்றி வளர்த்தபின் அது தன் கொடுமையை இழந்தது, உயிரோ இருந்தது. 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்தோடு கொடிய கிருமி தவறுதலாகக் கலந்துவிட, எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். மருந்தின் குற்றமன்று அது; காவலின் குற்றம்.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு சென்னை கிண்டியில் பி.சி.ஜி. மருந்து செய்யும் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1951 முதல் நாடெங்கும் ஊசி குத்தும் இயக்கம் பரவியது. 1955இல் இராஜாஜி அதனை வெளிப்படையாக எதிர்த்தார். பயன் ஐயமற நிறுவப்படாத நிலையில், உயிருள்ள கிருமியை நலமுள்ள குழந்தைகளின் உடலிற் செலுத்தலாமா என்பது அவர் எழுப்பிய வினா. மருத்துவர் பலர் அவரை மறுத்தனர். பின்னர் 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே மாபெரும் சோதனை தொடங்கியது. வளர்ந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்று அது காட்டிற்று. குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோய்களிலிருந்து அது காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் உறுதியாயிற்று. ஆகவே இரு தரப்பிலும் ஓரளவு உண்மை இருந்தது. வினா எழுப்புவோர் மருத்துவத்தின் பகைவர் அல்லர். வினாவுக்கு விடை சோதனையே என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

காசநோய் கண்டவர்களிடையே புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதாக 1929இல் அமெரிக்க அறிஞர் ரேமண்ட் பெர்ல் எழுதினார். பி.சி.ஜி. செலுத்திய எலிகள் கட்டியை எதிர்த்து நிற்பதை 1959இல் லாயிட் ஓல்டும் அவர்தம் தோழர்களும் காட்டினர். 1976இல் கனடா நாட்டு மருத்துவர் ஆல்வாரோ மொராலிஸ், சிறுநீர்ப்பைப் புற்றுக்கு ஆளான ஒன்பது நோயாளிகளுக்கு, வாரம் ஒருமுறையாக ஆறு வாரம், சிறுநீர்ப்பைக்குள்ளேயே இம்மருந்தைச் செலுத்திக் கண்ட நற்பயனை வெளியிட்டார். தசைச்சுவருள் ஊடுருவாத கட்டிகளுக்கு அம்முறை இன்றும் வழங்கி வருகிறது. இளமையில் தோளிற் குத்திய ஊசி இந்நோயைத் தடுக்கும் என்று மட்டும் யாரும் மயங்க வேண்டா.

இதனைத் தொடங்குமுன் நோயாளி அறிய வேண்டியன சில. செலுத்தப்படுவது உயிருள்ள கிருமி. ஆகையால் சிறுநீரில் குருதி கண்டாலும், சிறுநீர்த்தொற்று இருந்தாலும் அன்றைக்கு அதனை ஒத்திவைக்க வேண்டும். காசநோய் உள்ளவரும், மாற்றுறுப்புப் பெற்றவரும், ஸ்டீராய்டு முதலிய எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவரும் அதனை மறைக்காமற் சொல்ல வேண்டும். ஓரிரு நாள் எரிச்சலும் சிறு காய்ச்சலும் இயல்பு. காய்ச்சல் கடுமையானாலும், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கிருமி உடலெங்கும் பரவியிருக்கலாம். மருந்து பெற்றபின் ஆறு மணி நேரம் வரை கழிக்கும் சிறுநீரில் வெளுப்புத் திரவம் ஊற்றிச் சற்று நேரம் விட்டு நீர் பாய்ச்சுவது, வீட்டாரைக் காக்கும் முறை.

அடுத்த பெருமாற்றம் அண்மையில் நிகழ்ந்தது. நம் குருதியிலுள்ள டி அணுக்கள் வரம்பு மீறாதிருக்க இயற்கை அவற்றுக்குக் கடிவாளம் இட்டிருக்கிறது. புற்றுநோய் அக்கடிவாளத்தைப் பற்றி இழுத்துக் காவலரை நிறுத்திவிடுகிறது. ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ குழுவினர் 1992இல் பி.டி.-1 என்னும் கடிவாளத்தைக் கண்டனர். வேறொரு கடிவாளத்தைத் தளர்த்தினால் எலிகளின் கட்டி கரையும் என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன் 1996இல் காட்டினார். 2011இல் இவ்வகையின் முதல் மருந்து அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்துத் திருத்தி மீண்டும் செலுத்தும் கார்-டி முறையில், மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் கூடி உருவாக்கிய மருந்து 2023இல் இந்திய அரசின் ஏற்பைப் பெற்றது.

இங்கும் பழைய பாடம் மாறவில்லை. 2006இல் இலண்டனில் டி அணுக்களைத் தூண்டும் புது மருந்தொன்றை ஏற்ற ஆறு நலமுள்ள இளைஞர்கள், சில மணி நேரத்துக்குள் உறுப்புகள் செயலிழந்து உயிருக்குப் போராடினர். நல்லூழாக அறுவரும் பிழைத்தனர். கடிவாளம் தளர்ந்த காவலர் நுரையீரலையும், குடலையும், ஈரலையும், தைராய்டுச் சுரப்பியையும் தாக்குதல் உண்டு. மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் இது நேரலாம். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். தைராய்டு கெட்டால் வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டியிருக்கலாம்.

எனவே தொடங்குமுன் நோயாளி மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இம்மருந்து என் கட்டிக்குப் பொருந்துமா? இது எல்லோருக்கும் பலிப்பதன்று. பொருத்தத்தை அறியக் கட்டித் திசுவில் செய்யும் சோதனைகள் உண்டு. பலிக்கிறதா என்பதை எப்போது, எவ்வாறு அறிவீர்கள்? எத்தனை நாள், எவ்வளவு பணம்? சொல்ல வேண்டியனவும் மூன்று. முடக்குவாதம், தைராய்டு போன்று தன் உடலையே தாக்கும் நோய் முன்பு இருந்ததா என்பது ஒன்று. காசநோயோ, மஞ்சட்காமாலையோ வந்ததுண்டா என்பது மற்றொன்று. நாட்டு மருந்து உட்பட இப்போது உண்பன யாவை என்பது மூன்றாவது. வயிற்றுப்போக்கு, வறட்டிருமல், மூச்சுத்திணறல், தோல் தடிப்பு தோன்றினால் தாமே மருந்து வாங்கி உண்ணாது, புற்றுநோய் மருத்துவரிடமே உடனே சொல்ல வேண்டும். எதிர்ப்பு சக்தி தரும் என்று கடையில் விற்கும் பொடியும் லேகியமும் இம்மருத்துவம் ஆகா.

செலவு, ஏழைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆயினும் டாட்டா நினைவு மருத்துவமனையினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரிடம் நிகழ்த்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருகிறது. நிவோலுமாப் என்னும் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கினும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தனர். ஓராண்டு கழித்து உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 16 என்ற நிலையிலிருந்து 43 ஆயினர். எல்லா நோய்க்கும் இவ்வளவு போதும் என்று இதனாற் கொள்ளலாகாது. ஆனால், குறைந்த அளவு என் நோய்க்குப் பயன்படுமா என்று கேட்பதில் தவறில்லை.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஒருவருக்கு இம்மருத்துவம் கூறப்படும் நாள் வரலாம். தறியிலும் பட்டறையிலும் உழைத்துத் தேய்ந்த பெரியவர், மருத்துவர் முன் வாய் திறக்கத் தயங்கி, கையெழுத்திட்டு வந்துவிடுவார். கற்ற நீங்கள் அவருடன் செல்லுங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்; சொல்ல வேண்டியதைச் சொல்ல உதவுங்கள்; விடையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோலியின் நோயாளிகளுக்கும் லூபெக் நகரத்துக் குழந்தைகளுக்கும் கிட்டாத காவல், அந்தத் தாள் ஒன்றினால் அவருக்குக் கிட்டும்.